அரைக்கிலோ கோழியின் கதை

புதன்கிழமை சாயந்திரம் பேங்க் விட்டு வரும்போது தெருமுனைக் கோழிக்கடையில் வண்டியை நிறுத்துவது இப்போது பழக்கமாகிவிட்டது. புனேயில் தெற்கத்தி முகத்தைக் கண்டால் எல்லோருக்கும் 'அண்ணா'தான். "கிதி, அண்ணா?" என்பார் கடைக்காரர். எவ்வளவு என்று கேட்கிறார். "அர்தா கிலோ" என்பேன். அரைக்கிலோ. தோல் உரித்து, துண்டு போட்டு, கறுப்புப் பையில் கட்டிக் கொடுக்கப் பத்து நிமிஷம் ஆகாது.

மகள் படிக்க ஹாஸ்டலுக்குப் போன பிறகு வீட்டில் நானும் தங்கமணியும் மட்டும்தான். ஒரு வடச்சட்டி, அரைக்கிலோ கோழி, ஆறு சப்பாத்தி. ராத்திரிச் சாப்பாடு முடிந்தது. போன வாரம் கறிக்கு 120 ரூபாய் கொடுத்தேன். வெங்காயம், எண்ணெய், கேஸ் எல்லாவற்றையும் கணக்கில் சேர்த்தாலும் இரண்டு பேரும் ஹோட்டலுக்குப் போய் உட்கார்ந்தால் ஆகும் காசில் பாதிகூட ஆகாது.

அன்றைக்குக் கோழி அடுப்பில் இருக்கும்போது ஊரிலிருந்து அம்மா போன்.

"என்ன கண்ணு சமையல்?"

"கோழிம்மா. அரைக்கிலோ வாங்கிட்டு வந்தேன்."

"அரைக்கிலோ கோழியா!" அம்மாவுக்குச் சிரிப்பு தாங்கவில்லை. "உங்க அம்மாயி இருந்திருந்தா, மீதிக் கோழி எங்கடா நடந்துட்டிருக்குன்னு கேட்டிருக்கும்."

போனை வைத்த பிறகும் அந்தக் கேள்வி மண்டைக்குள் சுற்றிக்கொண்டே இருந்தது. நியாயமான கேள்விதானே? அரைக்கிலோ கோழி என்று ஒன்று எப்போதிலிருந்து இருக்கிறது? இரண்டு பேருக்கு, ஒரே சட்டியில், வாரநாளில், அதிகக் காசில்லாமல் கோழி சமைப்பது என்பது எப்போது சாத்தியமானது? இதில் என்ன பெரிய வரலாறு என்று கேட்பீர்கள். இருக்கிறது. அதில் பாதி புனேயிலும் பாதி எங்கள் கொங்கு நாட்டிலும் நடந்திருக்கிறது என்பதுதான் எனக்கே ஆச்சரியம்.

கொஞ்சம் கொசுவத்தி சுற்றிக்கொள்கிறேன். எங்கள் அம்மாயி வீடு ஈரோட்டுக்கு எதிர்க்கரையில், பள்ளிபாளையம் பக்கம். வாசலில் எந்நேரமும் பத்துப் பதினைந்து கோழிகள் கிளறிக்கொண்டிருக்கும். ராத்திரியானால் கொடாப்பைப் போட்டு மூடுவார்கள். முட்டை வாரச் சந்தைக்குப் போகும். அந்தக் காசில்தான் உப்பு, புளி, கொஞ்சம் வெற்றிலை பாக்கு. பி.காம் படித்தவன் பாஷையில் சொன்னால் முட்டை வருமானம், கோழி மூலதனம். மூலதனத்தை அறுத்துத் தின்ன எந்த வியாபாரியும் சம்மதிக்கமாட்டான். அம்மாயியும் சம்மதித்ததில்லை.

அப்படியும் ஒரு கோழி அடிபட்டால் அதற்குக் காரணம் இருக்கும். புது மாப்பிள்ளை வந்திருப்பார். பிள்ளை பெற்றவளுக்கு உடம்பு தேற வேண்டும். சாமிக்கு நேர்ந்துவிட்டிருப்பார்கள். அல்லது சித்திரை வைகாசியில் வெள்ளைக்கழிச்சல் வந்து தெருவே கோழி இழந்துகொண்டிருக்கும்போது, தப்பிப் பிழைத்ததைச் சாவதற்குள் அடித்துவிடலாம் என்ற முடிவாக இருக்கும்.

ஒரு விஷயம் கவனித்தீர்களா? ஆட்டுக்கறியை ஊரில் கூறு போட்டு விற்பார்கள். ஒரு வீட்டில் ஆடு அடித்தால் பத்து வீட்டுக்குப் பங்கு. ஃப்ரிட்ஜ் இல்லாத காலத்தில் ஒரு ஆட்டை ஒரு வீடு தின்று தீர்க்க முடியாது. ஆனால் கோழிக்குக் கூறு கிடையாது. ஒரு கோழி என்பது ஒரு வீட்டுக்கான அளவு. வீடு என்றால் எட்டுப் பேர், பத்துப் பேர். ஒன்றரைக் கிலோகூட இல்லாத கோழியைப் பத்துப் பேருக்குப் பங்கிட ஒரே வழி குழம்புதான். தேங்காய், மல்லி எல்லாம் அம்மியில் அரைத்து, தண்ணீரைத் தாராளமாக விட்டு, ஒரு மணி நேரத்துக்கு மேல் கொதிக்க வைத்து... கறி ஆளுக்கு ரெண்டு துண்டு, குழம்பு வேண்டிய மட்டும்.

ஆக, கடையில் போய் அரைக்கிலோ கோழி கேட்க வேண்டும் என்றால் பல விஷயங்கள் முதலில் நடந்திருக்க வேண்டும். குடும்பம் இரண்டு பேராக, மூன்று பேராகச் சுருங்கியிருக்க வேண்டும். மீதி அரைக்கிலோவை அதே நாளில் வாங்க அதே தெருவில் இன்னொருவர் இருக்க வேண்டும். அதற்குக் கோழி எல்லோர் கைக்கும் எட்டும் விலைக்கு வந்திருக்க வேண்டும். எல்லாக் கோழியும் ஒரே எடையில், வருஷம் முழுக்கக் கிடைக்க வேண்டும். முக்கியமாக, அது முட்டைக்கோழி இல்லாமல் கறிக்கென்றே பிறந்த கோழியாக இருக்க வேண்டும்.

அந்தக் கோழியின் ஜாதகத்தைப் பார்த்தால் முதல் கட்டம் நம் நாட்டில்தான் தொடங்குகிறது. அசில் என்ற சண்டைச் சேவல் இனம் உங்களுக்குத் தெரிந்திருக்கும். அகன்ற மார்பு, கெட்டியான சதை, கம்பீரமான நடை. கரூர் மாவட்டம் பூலாம்வலசு சேவற்கட்டுக்குப் போனவர்கள் அந்த ஜாடையை மறக்கமாட்டார்கள். 19ஆம் நூற்றாண்டில் இந்த அசில் சேவல்கள் கப்பலேறி இங்கிலாந்துக்குப் போயின. அங்கே கார்ன்வால் பகுதியில் உள்ளூர்ச் சண்டைக் கோழிகளோடு சேர்த்து ஒரு புது இனம் உருவாக்கினார்கள். அதற்கு 'இந்தியன் கேம்' என்றே பெயர் வைத்தார்கள். பிற்பாடு 'கார்னிஷ்' என்று ஆனது. சண்டைக்கு அது லாயக்கில்லை என்று தெரிந்தது. ஆனால் மார்புக்கறி? அதை அடித்துக்கொள்ள ஆளில்லை.

இரண்டாவது கட்டம் அமெரிக்கா. 1923-ல் டெலவேர் மாநிலத்தில் ஓஷன் வியூ என்ற ஊரில் செசில் ஸ்டீல் என்ற பெண்மணி முட்டைக்காக 50 குஞ்சுகள் ஆர்டர் செய்தார். தவறுதலாக 500 வந்து இறங்கியது. நாமாக இருந்தால் திருப்பி அனுப்பிவிட்டுச் சண்டை போட்டிருப்போம். அந்தம்மா ஒரு கொட்டகை போட்டு வளர்த்து, இளசாக இருக்கும்போதே கறிக்கு விற்றார். பவுண்டுக்கு 62 சென்ட் கிடைத்தது. அடுத்த வருஷம் 1000 குஞ்சு வாங்கினார். முட்டைக்காக இல்லாமல் கறிக்காக மட்டுமே கோழி வளர்க்கும் பிராய்லர் தொழில் அமெரிக்காவில் அங்கிருந்துதான் சூடு பிடித்தது என்பார்கள்.

மூன்றாவது கட்டம் ஒரு போட்டி. ஏ அண்ட் பி என்ற மளிகைக்கடைச் சங்கிலி, அரசு வேளாண்மைத் துறையோடு சேர்ந்து 'நாளைய கோழி' என்ற பெயரில் நடத்தியது. பண்ணைக்காரர்கள் முட்டைகளை அனுப்ப வேண்டும். அவற்றை ஒரே இடத்தில் பொரிக்க வைத்து, ஒரே தீனி போட்டு வளர்த்து, எது சீக்கிரம் சதை போடுகிறது என்று பார்ப்பார்கள். 1948 இறுதிப் போட்டியில் ஜெயித்தவர் கலிஃபோர்னியாவின் சார்லஸ் வான்ட்ரஸ். அவருடைய கோழி கார்னிஷையும் நியூ ஹாம்ப்ஷையர் என்ற இனத்தையும் சேர்த்துப் பிறந்தது. அதாவது, நம் அசிலின் பேரப்பிள்ளை!

அமெரிக்கக் கணக்கு ஒன்று இருக்கிறது. 1925-ல் ஒரு கறிக்கோழி 112 நாள் வளர்ந்தால் 1.1 கிலோ எடை. 2010-ல் 47 நாளில் இரண்டரைக் கிலோவுக்கு மேல். அப்போது ஒரு கிலோ எடை கூடுவதற்கு 4.7 கிலோ தீனி தேவைப்பட்டது. 2010-ல் 2 கிலோகூட வேண்டியிருக்கவில்லை. நம் ஊரில் ஊசி போட்டு ஊத வைக்கிறார்கள் என்று ஒரு நம்பிக்கை உண்டு. உண்மை அவ்வளவு சுவாரஸ்யமானது இல்லை. தலைமுறை தலைமுறையாகப் பொறுக்கியெடுத்த இனம், கணக்குப் போட்டுக் கலந்த மக்காச்சோளமும் சோயாவும், அவ்வளவுதான். கவலைப்பட வேண்டிய விஷயம் ஹார்மோன் இல்லை, ஆன்டிபயாடிக். மனுஷனுக்கு வேறு எந்த மருந்தும் கேட்காதபோது கடைசியாகக் கொடுக்கும் கொலிஸ்டினைக் கோழிக்கும் கொடுத்துக்கொண்டிருந்தார்கள். 2019 ஜூலையில்தான் மத்திய அரசு அதைத் தடை செய்தது.

சரி, இதில் புனே எங்கே வருகிறது?

டாக்டர் பி.வி.ராவ் என்று ஒருவர். பண்டா வாசுதேவ் ராவ் என்பது முழுப்பெயர். 1971-ல் வெங்கடேஷ்வரா ஹேட்சரீஸ் தொடங்கினார். அந்தக் குழுமத்தின் தலைமையிடம் இங்கே புனேயில்தான் இருக்கிறது. வெளிநாட்டிலிருந்து குஞ்சை மட்டும் இறக்குமதி செய்துகொண்டிருந்தால் நமக்குக் கட்டுப்படியாகாது என்று, தாய்க்கோழி, பாட்டிக்கோழி எல்லாவற்றையும் இங்கேயே வளர்த்துக் குஞ்சு எடுக்கும் ஏற்பாட்டைக் கட்டினார். இந்தியா முழுக்கப் பண்ணைகளில் பேசப்படும் 'வென்காப்' என்ற கறிக்கோழி இவர்களுடையது. பெயரிலேயே 'காப்' இருக்கிறது பாருங்கள், அது ஒரு அமெரிக்கக் கம்பெனி. 1948 போட்டியில் ஜெயித்த வான்ட்ரஸின் கம்பெனியும் இந்தக் காப்பும் பிற்பாடு ஒன்றாகச் சேர்ந்துவிட்டன. ஆக, கப்பலேறிப் போன சேவலின் வம்சம் உருவம் மாறி, நிறம் மாறி, புது நடை பழகி ஊர் திரும்பிவிட்டது. வெளியூரில் வேலை பார்க்கும் நம்மில் பலர் மாதிரியே :-)

ராவ் செய்த இன்னொரு காரியம்தான் எனக்கு முக்கியமாகப் படுகிறது. முட்டை விலையை அப்போது நகரத்து மொத்த வியாபாரிகள் சொல்வதுதான் சட்டம். 1980-களின் தொடக்கத்தில் முட்டை விலை உற்பத்திச் செலவுக்கும் கீழே போய்விட்டது. ராவ் ஊர் ஊராகப் போய்ப் பண்ணைக்காரர்களைக் கூட்டிப் பேசினார். 1982-ல் தேசிய முட்டை ஒருங்கிணைப்புக் குழு உருவானது. இதற்கும் தலைமையிடம் புனே. நாமக்கல் பக்கம் 'என்இசிசி ரேட் என்ன?' என்று காலையில் கேட்காத ஆள் கிடையாது. உற்பத்தி செய்கிறவனே தன் பொருளுக்கு விலை சொல்ல வேண்டும் என்பதுதான் இதன் அடிப்படை. ஞாயிறோ திங்களோ தினமும் முட்டை சாப்பிடு என்று தூர்தர்ஷனில் வந்த இந்தி விளம்பரமும் இவர்களுடையதுதான். ராவுக்கு 1990-ல் பத்மஸ்ரீ கிடைத்தது. 1996-ல் காலமானார். (2010-ல் இதே குழுமம் இங்கிலாந்தின் பிளாக்பர்ன் ரோவர்ஸ் கால்பந்து அணியை விலைக்கு வாங்கியது தனிக்கதை.)

இப்போது புனேயிலிருந்து பஸ் பிடித்துக் கொங்கு நாட்டுக்குப் போவோம். முட்டைக்கு நாமக்கல் என்றால் கறிக்கோழிக்குப் பல்லடம். 1984-ல் உடுமலைப்பேட்டையில் சௌந்தரராஜன், சுந்தரராஜன் என்ற சகோதரர்கள் சிறிய அளவில் சுகுணா நிறுவனத்தைத் தொடங்கினார்கள். 1990-களில் ஒப்பந்தக் கோழி வளர்ப்பு முறை இங்கேதான் வேர் பிடித்தது. கம்பெனி குஞ்சு கொடுக்கும், தீவனம் கொடுக்கும், மருந்து கொடுக்கும், வந்து பார்க்க ஒரு சூப்பர்வைசரையும் அனுப்பும். விவசாயி கொட்டகை போட வேண்டும். தேங்காய் நார்க்கழிவு பரப்பி, தண்ணீர், கரண்ட், ஆள் கூலி பார்த்துக்கொள்ள வேண்டும். ஏறக்குறைய 40 நாளில் 2 கிலோ ஆனதும் கம்பெனி வண்டி வந்து எடுத்துப் போகும். விவசாயிக்குக் கிலோவுக்கு இவ்வளவு என்று வளர்ப்புக் கூலி.

மழை பொய்த்துக்கொண்டிருந்த பூமியில் இது பெரிய மாற்றம். கிணறு வற்றிய தோட்டத்தில்கூட ஒரு கொட்டகை நிற்க முடியும். அப்படி ஆயிரக்கணக்கான கொட்டகைகள் நின்றதால்தான் தினமும் ஒரே எடையில் லட்சக்கணக்கான கோழிகள் சந்தைக்கு வந்தன. இந்த முறை தமிழ்நாட்டைத் தாண்டிப் பல மாநிலங்களுக்குப் பரவியது. இந்தியாவில் உற்பத்தியாகும் மொத்த இறைச்சியில் இன்று ஏறக்குறைய பாதி கோழிதான். அம்மாயியின் மூலதனம் தெருமுனைத் தராசுக்கு வந்து சேர்ந்த கதை இதுதான்.

சமையலுக்கு வருகிறேன். ஒரே சட்டியில் அரைமணி நேரத்தில் கோழி செய்வதே இந்த 40 நாள் கோழியால்தான் முடிகிறது. நாட்டுக்கோழி (இங்கே 'காவரான்' என்பார்கள்) ஓடியாடி வளர்ந்தது, வயதானது. அதன் தசையைக் கட்டிவைத்திருக்கும் நார் இளக நேரமும் தண்ணீரும் வேண்டும். பிராய்லருக்கு அந்த நார் இன்னும் முற்றவில்லை. மூடி வைத்தால் தன் தண்ணீரிலேயே வெந்துவிடும். ருசி குறைவுதான், ஒப்புக்கொள்கிறேன். அந்தக் குறையை ஈடுகட்டத்தான் வெங்காயமும் மிளகாயும்.

இதற்கென்றே எங்கள் பக்கம் ஒரு சமையல் இருக்கிறது. பள்ளிபாளையம் சிக்கன். அரைக்கிற வேலையும் இல்லை, பொடியும் இல்லை. இரண்டு பேருக்கான அளவு சொல்கிறேன், குறித்துக்கொள்ளுங்கள்:

அரைக்கிலோ கோழி, எலும்போடு, சின்னத் துண்டுகளாக. சின்ன வெங்காயம் 150 கிராம். வரமிளகாய் 8, கிள்ளி விதையைத் தட்டிவிட வேண்டும். பூண்டு 6 பல். கால் மூடித் தேங்காய், பல்லுப் பல்லாகக் கீறியது. கறிவேப்பிலை இரண்டு கொத்து, கால் ஸ்பூன் மஞ்சள் தூள், உப்பு, மூன்று ஸ்பூன் நல்லெண்ணெய் அல்லது கடலெண்ணெய்.

வடச்சட்டியில் எண்ணெய் காய்ந்ததும் மிளகாயைப் போட்டுக் கருகாமல் வறுக்க வேண்டும். எண்ணெய் சிவந்ததும் பூண்டு, வெங்காயம், கறிவேப்பிலை. வெங்காயம் நன்றாக வதங்கிய பிறகு கோழி, மஞ்சள், உப்பு. தீயைக் கூட்டி ஐந்து நிமிஷம் பிரட்டுங்கள். பிறகு தீயைக் குறைத்து மூடி வையுங்கள். தண்ணீர் விட வேண்டாம், அதுவே விடும். 15 நிமிஷம் கழித்துத் திறந்து, தேங்காயைச் சேர்த்து, ஈரம் சுண்டி எண்ணெய் பிரியும்வரை கிளற வேண்டும். மொத்தம் அரைமணி நேரம். கழுவ ஒரே பாத்திரம். (கழுவுவது நான் என்பதால் இந்தப் பாயின்ட் முக்கியம்.)

புனேக்காரர்களுக்கு இரண்டு குறிப்பு. சின்ன வெங்காயம் ராஸ்தா பேட் பக்கம் தென்னிந்தியக் கடைகளில் கிடைக்கும். கிடைக்காவிட்டால் பெரிய வெங்காயத்தைப் பொடியாக நறுக்கிக்கொள்ளலாம், இனிப்பு கொஞ்சம் குறையும். இங்கே கிடைக்கும் பேடகி மிளகாய் நிறம்தான் கொடுக்கும், காரம் கொடுக்காது. இரண்டு மூன்று கூடப் போடுங்கள். அப்புறம், விலை. புனேயில் சிராவணம் தொடங்குவதற்கு முந்தைய கட்டாரி அமாவாசையன்று கோழிக்கடையில் நிற்க இடமிருக்காது. அடுத்த நாளிலிருந்து கடை காற்று வாங்கும். நம் ஊரில் புரட்டாசி மாதிரி. கணக்குப் பார்ப்பவர்களுக்குச் சிராவண மாசம் நல்ல மாசம்.

கணக்கு என்றதும் ஒரு விஷயத்தைச் சொல்லியாக வேண்டும். இத்தனை வருஷமாக நெஞ்சில் கிடக்கிறது.

2006 பிப்ரவரி. இதே மகாராஷ்டிராவில், குஜராத் எல்லையை ஒட்டிய நவாப்பூரில் பறவைக் காய்ச்சல் உறுதியானது. இந்தியாவில் அதுதான் முதல் முறை. லட்சக்கணக்கில் கோழிகளைக் கொன்று புதைத்தார்கள். அங்கிருந்து எடுத்த மனித ரத்த மாதிரிகளைப் புனேயின் தேசிய வைரஸ் ஆய்வு நிலையம் உள்ளிட்ட இடங்களில் சோதித்தார்கள். ஒருவருக்கும் தொற்று இல்லை. தமிழ்நாட்டில் கோழிக்கும்கூட நோய் வரவில்லை. ஆனால் பயம் மட்டும் எல்லா ஊருக்கும் வந்துவிட்டது.

நான் அப்போது பல்லடம் வட்டாரத்தில் ஒரு கிளையில் ஜூனியர் ஆபீசர். கல்யாணமாகி மூன்று மாசம். வீட்டில் இரண்டே பேர். கோழி விலை பாதிக்கும் கீழே போயிருந்தது. நன்றாக வேக வைத்தால் ஒன்றும் ஆகாது என்று பேப்பரில் படித்திருந்தேன். மாசக் கடைசி வேறு. ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக் கோழியாகவே வாங்கி வந்தேன். பெரிய கெட்டிக்காரத்தனம் செய்துவிட்ட மாதிரி தங்கமணியிடம் பெருமையடித்துக்கொண்டது நன்றாக நினைவிருக்கிறது.

மறுநாள் காலை கிளை திறந்ததும் ஒரு விவசாயி வந்து என் மேஜை முன்னால் உட்கார்ந்தார். கொட்டகைக்கு எங்களிடம் கடன். ஒப்பந்தம் கிடையாது. சொந்தமாகக் குஞ்சு வாங்கி, சொந்தமாகத் தீவனம் வாங்கி வளர்ப்பவர். 3000 கோழி. 50 நாள் தாண்டியும் வியாபாரி வண்டி வரவில்லை.

"கோழி விக்கறதில்லீங்க சார். ஆனா தீனி திங்கறது மட்டும் நிக்கறதில்லீங்க" என்றார்.

அந்தக் கணக்கு எனக்கு அப்போதுதான் உறைத்தது. நெல் மூட்டையைக் குடோனில் போட்டு விலை ஏறும்வரை காத்திருக்கலாம். 40 நாள் கோழி காத்திருக்காது. ஒவ்வொரு நாளும் தின்னும், தின்பதற்கேற்ற எடை ஏறாது. விற்றாலும் நஷ்டம், விற்காவிட்டால் அதைவிட நஷ்டம். நான் மலிவாக வாங்கிய கோழியின் மீதி விலையை யார் கொடுத்தார்கள் என்பது எதிரே உட்கார்ந்திருந்தது. என்னிடம் அப்போது இருந்ததோ தவணை கேட்கும் படிவம்.

2006 ஏப்ரலில் ரிசர்வ் வங்கி கோழிப்பண்ணைக் கடன்களுக்குச் சலுகை அறிவித்தது. கட்ட வேண்டியதை மாற்றியமைத்து, அவகாசம் கொடுத்துத் திருப்பி வாங்கிக்கொள்ளலாம் என்றார்கள். அவருடைய ஃபைலை நான்தான் எழுதினேன். கடனை அடைத்தும்விட்டார். ஆனால் அதன் பிறகு சொந்தமாகக் குஞ்சு விடவில்லை. கம்பெனிக் கோழிக்கு மாறிவிட்டார். "இப்பத்தான் ராத்திரி தூக்கம் வருதுங்க" என்றார். உண்மைதான். விலை இறங்கினால் இனி அது கம்பெனியின் கவலை. விலை ஏறினாலும் அது கம்பெனியின் லாபம். அவருக்கு வளர்ப்புக் கூலி மட்டும். பல்லடத்தில் கறிக்கோழி ஒருங்கிணைப்புக் குழு தினமும் அறிவிக்கும் கொள்முதல் விலை அவருக்கு வெறும் பேப்பர் செய்தி. அந்தக் கூலியை உயர்த்தச் சொல்லிக் கொங்கு வட்டாரப் பண்ணையாளர்கள் பலமுறை போராடியிருக்கிறார்கள்.

புனேயை நினைக்கும்போதெல்லாம் எனக்கு இந்த முரண் உறுத்தும். முட்டைக்காரன் தன் விலையைத் தானே சொல்ல வேண்டும் என்று 1982-ல் இந்த ஊரிலிருந்து ஒரு குரல் கிளம்பியது. கறிக்கோழி வளர்ப்பவனோ நிம்மதிக்காக அந்த உரிமையை விட்டுக்கொடுத்தான். அவனைக் குறை சொல்ல மாட்டேன். 3000 கோழியோடு தனியாக நின்றவனை நேரில் பார்த்திருக்கிறேன். ஆனால் என் சட்டியில் அரைக்கிலோ மலிவாக விழுவதற்கு அந்த விட்டுக்கொடுத்தலும் ஒரு காரணம் என்பதை மறக்கவும் முடியவில்லை.

அதற்குப் பிறகும் இரண்டு முறை அதே பயத்தைப் பார்த்துவிட்டேன். 2020 பிப்ரவரி, மார்ச்சில் கோழி தின்றால் கொரோனா வரும் என்று வாட்ஸ்அப்பில் கிளப்பிவிட்டார்கள். அப்படி எதுவும் இல்லை என்று அரசாங்கம் சொல்வதற்குள் பல ஊர்களில் கோழியைச் சும்மா கொடுத்தார்கள், உயிரோடு புதைத்தார்கள். அடுத்தது 2025 ஜனவரி. இங்கே புனேயில் சிங்கட் ரோடு பக்கம், கிர்க்கட்வாடி, நாந்தேட் பகுதிகளில் கில்லன்-பாரே நோய் பரவியது. கை கால் மரத்துச் செயலிழக்கும் நோய். 200 பேருக்கு மேல் பாதிக்கப்பட்டதாகக் கணக்கு வந்தது. சில நோயாளிகளிடம் கேம்பிலோபேக்டர் என்ற கிருமி இருந்தது. அது கோழியின் குடலில் சகஜமாக இருக்கும் கிருமி. தண்ணீர் மீதுதான் பெரிய சந்தேகம் விழுந்தது. ஆனாலும் எங்கள் தெருமுனைக் கடையில் பல நாள் ஈ ஓடியது.

அந்த வாரங்களில் நான் படித்துத் தெரிந்துகொண்டது இது. இந்தக் கிருமி சூட்டுக்குத் தாங்காது. கறியின் நடுப்பகுதி 74 டிகிரி தொட்டால் போதும். எலும்பை ஒட்டிச் சிவப்பு தெரியக்கூடாது, குத்தினால் வரும் சாறு தெளிவாக இருக்க வேண்டும். ஆபத்து வேறு இடத்தில் இருக்கிறது. குழாயைத் திறந்துவிட்டுக் கோழியைக் கழுவும்போது தெறிக்கிற தண்ணீரிலும், அதே கத்தியில், அதே பலகையில் வெங்காயமும் வெள்ளரிக்காயும் நறுக்குவதிலும்தான் வில்லங்கம். நான் வெங்காயத்தை முதலில் நறுக்கி வைத்துவிட்டுத்தான் கோழிப் பையைப் பிரிக்கிறேன். ஒரே சட்டிச் சமையலில் இன்னொரு வசதி, கறி கை மாறுகிற இடம் குறைவு.

கடைக்குப் போவதை அந்த வாரங்களிலும் நான் நிறுத்தவில்லை. கடைக்காரர் ஒருநாள் விலையைக் குறைத்துச் சொன்னார். வழக்கமான விலையையே கொடுத்தேன். அது பெரிய தர்மம் ஒன்றும் இல்லை. பல்லடத்துக்காரருக்கு அதில் ஒரு பைசா போய்ச் சேராது என்று பி.காம் படித்த எனக்குத் தெரியாதா? இருந்தாலும் 2006-ல் அடித்துக்கொண்ட பெருமையைத் திரும்ப ஒருமுறை அடித்துக்கொள்ள மனசு வரவில்லை.

தீபாவளி லீவுக்கு மகள் வருகிறாள். அன்றைக்கு அர்தா கிலோ கிடையாது. காவரான் கோழி, முழுசாக, குழம்பு வைத்து. அம்மாவுக்குப் போன் போட்டு அரைப்பு அளவு கேட்க வேண்டும். மீதிக் கோழி எங்கே என்று இந்த முறை கேட்க முடியாதில்லையா!